கோட்டிங் போட்ட நாலு கம்பி

1. மேசைமேல் வைத்த கை

முனிராஜ் அன்றைக்குக் கிதாரைக் கொண்டுவரவில்லை. கையை மட்டும் கொண்டுவந்தார்.

காரிமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி என் மோட்டார் வைண்டிங் கடை இருந்தது. காலை பத்து மணி இருக்கும். கிணற்று மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு, கருகிப்போன செப்புக் கம்பிக் காயிலை உளியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். முனிராஜ் வந்தார், வணக்கம் சொன்னார், ஸ்டூலில் உட்கார்ந்தார், இரண்டு கையையும் மேசைமேல் மல்லாத்தி வைத்தார். விரல் நுனியெல்லாம் வெடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. சில இடங்களில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"பூச்சி மருந்து எதுனா கைல கொட்டிக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா. பேஸ் கிதாருங்க."

"கிதாரு கடிக்குமா?"

"சேலத்துல தோல் டாக்டரப் பாத்தேங்க. முதுகுல என்னென்னமோ ஒட்டி வுட்டு, ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பாத்தாரு. எனக்கு நிக்கல் ஆவாதாம். நிக்கல் கலந்த எதையும் தொடக் கூடாதாம். கம்பில நிக்கலு. ஃப்ரெட்லயும் நிக்கலு. அதனால வாசிக்கறத வுட்டுருன்னாருங்க."

"நீ என்னா சொன்ன?"

"சரிங்க சார்னு சொல்லிட்டு, நேரா பஸ் ஏறி உங்ககிட்ட வந்துட்டேங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

முனிராஜுக்கு மாரண்டஹள்ளிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தக்காளித் தோட்டம். அது வயிற்றுக்கு. மனசுக்கு, ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார். பதினேழு வருஷமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஊர்ப் பண்டிகை, கல்யாண வரவேற்பு, சர்ச் ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். பேஸ் என்பது மேடையில் யாரும் திரும்பிப் பார்க்காத வாத்தியம். பாடுகிறவருக்குக் கைதட்டல், டிரம்ஸ் அடிக்கிறவருக்கு விசில். பேஸ்காரர் கையை எடுத்தால் மட்டும் பாட்டு ஏதோ ஒல்லியாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

"வேற மாதிரி கம்பி எதுனா இருக்குதுங்களாக்கா? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. கிதார யாருக்காவது குடுத்துடறேன். வூட்ல வெச்சுக்கிட்டு தொடாம இருக்க என்னால ஆவாதுங்க."

"பாத்துக்கலாம், விடு" என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் நாக்கு வராது. நான் இதில் செய்த தப்பெல்லாம் அந்த நாக்கில்தான் ஆரம்பம்.

2. மோட்டார் கட்டுகிறவளிடம் கிதார் எப்படி வந்தது

இதைப் படிக்கிற பிள்ளைகள், மோட்டார் கட்டுகிற பொம்பளைக்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

என் அண்ணன் கடை அது. நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு சும்மா இருந்தபோது காயில் சுற்ற உட்கார்ந்தேன். அண்ணன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டார், கடை என்னிடம் நின்றுவிட்டது. முதல் இரண்டு வருஷம், "பொம்பள கட்டுன மோட்டாரு தண்ணி எடுக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். கட்டின மோட்டார் எல்லாம் தண்ணீர் எடுத்ததால், பிறகு கேட்பதை விட்டார்கள்.

ஒரு நாள் ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரர் கிதாரின் பிக்கப்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். பிக்கப் என்றால் கம்பிக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டி. அதுதான் கம்பியின் அதிர்வைக் கரண்ட்டாக மாற்றி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. "சத்தமே வரலீங்க. தர்மபுரில யாரும் தொட மாட்டேங்கறாங்க" என்றார். பிரித்துப் பார்த்தால், உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய எனாமல் வயர். நமக்குத் தெரிந்த வேலைதான், சைஸ்தான் குட்டி. எலி ஒரு இடத்தில் கடித்து வைத்திருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றினேன். நாலு தடவை வயர் அறுந்தது. அறுந்தபோதெல்லாம் அந்த ஆர்கெஸ்ட்ராக்காரரைத் திட்டினேன். ஐந்தாவது தடவை சத்தம் வந்தது.

அதோடு பேர் பரவிவிட்டது. பாலக்கோடு, அரூர், பென்னாகரம் எல்லா இடத்திலிருந்தும் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பம்ப்செட் மோட்டார்களுக்கு நடுவில் எப்போதும் இரண்டு மூன்று கிதார் தொங்கும். சந்தை நாளில் விவசாயி ஒருவர் மோட்டாருக்குக் காத்திருப்பார், பக்கத்தில் ஒரு வாத்தியக்காரர் கிதாருக்குக் காத்திருப்பார், இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். டிரம்மிலிருந்து வார்னிஷ் வாசனை, எதிர்க் கடையிலிருந்து போண்டா வாசனை, யாரோ சும்மா தட்டிப் பார்க்கும் கிதார். அந்தக் காலை வேளைகள் இப்போது இல்லை. கண் பார்வை குறைந்து கடையை மூடிய பிறகு வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பாதிதான் உண்மை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்ந்ததா இல்லையா என்று போனில் இருக்கும் ட்யூனர் சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

3. எந்தக் கம்பி

இப்போது பேஸ் வாசிக்கும் பிள்ளைகள், "ஃப்ரெட்லெஸ்ஸுக்கு எந்தக் கம்பி போடலாம்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் போட்டால் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் நான் முனிராஜுக்காகத் தேடியபோது தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கிதாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். விரலை ஏறக்குறைய சரியான இடத்தில் வைத்தால் போதும், ஃப்ரெட் சுருதியைச் சரியாக நிறுத்திக் கொடுக்கும். அது இல்லாத கிதார் ஃப்ரெட்லெஸ். அதில் விரல் நேராக மரத்தில் கம்பியை அழுத்தும். ஒரு நூல் தள்ளி வைத்தால் சுருதி போய்விடும். கழுத்து வழவழவென்று இருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. முனிராஜுக்கு ஃப்ரெட்டில் இருக்கும் நிக்கலும் ஆகாது என்பதால், அவர் கிதாரின் ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்குவதைத் தவிர வழி இல்லை. அப்புறம் கம்பி.

சாதாரண பேஸ் கம்பி, இரும்புக் கம்பிமேல் நிக்கல் பூசிய இன்னொரு கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியது. விரலால் தடவினால் அரம் போலச் சொரசொரக்கும். ஃப்ரெட்லெஸ்ஸில் அதை மாட்டினால் சில மாதத்தில் மரத்தில் கோடு விழும். முனிராஜுக்கு இது இரண்டு விதத்திலும் ஆகாது.

அடுத்தது, அதே கம்பிமேல் மெல்லிய பிளாஸ்டிக் கோட்டிங் கொடுத்தது. உள்ளங்கை வேர்க்கிறவர்களுக்கு நல்ல கம்பி. உப்பு உள்ளே போகாது, துரு பிடிக்காது, சத்தமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் கோட்டிங் ரொம்ப மெல்லிசு. சொரசொரப்பு அப்படியே இருக்கும். வாசிக்கும் இடத்தில் நாளாவட்டத்தில் தேய்ந்து, அடியில் இருக்கிற உலோகம் வெளியே வரும்.

மூன்றாவது, நைலான் டேப் சுற்றியது. கறுப்பாக, பட்டையாக, கைக்கு வழவழவென்று இருக்கும். மரத்தைத் தின்னாது. விரலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் கெட்டியான நைலான். சத்தம் பளிச்சென்று இருக்காது. "தும், தும்" என்று அடங்கி வரும்.

பெங்களூரில் கம்பி விற்கும் ஒரு கடைக்குப் போன் போட்டேன். அங்கே எடுத்தவர் நல்ல மனுஷர். நான் மோட்டார் கட்டுகிறவள் என்று சொன்ன பிறகும் போனை வைக்கவில்லை.

"மேடம், கழட்டாம ரொம்ப நாள் இருக்கணும்னா நைலான் டேப் எடுங்க. ஆனா நாலாவது கம்பி தடிமன் ஜாஸ்தி. நட்டுல இருக்கற காடியை அரத்தால அகலமா ராவணும். ஒருதடவை ராவிட்டா பழைய கம்பிக்குத் திரும்பிப் போவ முடியாது. யோசிச்சுக்கங்க."

நட் என்பது கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் வெள்ளைத் துண்டு. முனிராஜிடம் இதைச் சொன்னேன்.

"திரும்பி எங்கங்க்கா போறது? ராவிடுங்க" என்றார்.

4. பல்லைப் பிடுங்கினோம்

சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சூடு பண்ணி, கட்டிங் பிளேயரால் மெதுவாக நெம்பி எடுத்தேன். முனிராஜ் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் வெளியே வரும்போது முகத்தைச் சுளித்தார். பதினேழு வருஷம் விரல் பட்ட ஃப்ரெட்.

"வலிக்குதா?" என்றேன் கிண்டலாக.

"ஆமாங்க" என்றார். அதற்கு மேல் நான் கிண்டல் பண்ணவில்லை.

ஃப்ரெட் போன இடத்தில் காடி காடியாக இருக்கும், அதை அடைக்க வேண்டும். மோட்டாரில் காயிலைச் சொருகிய பிறகு மேலே மூங்கில் சீவலை அடித்து மூடுவோம். அதே மூங்கிலை இன்னும் மெல்லிசாகச் சீவிப் பசை வைத்து இறக்கினேன். கறுத்த மரத்தில் வெளுப்பாகக் கோடு கோடாக நின்றது. விரல் வைக்கும் இடம் கண்ணுக்கு அடையாளம் தெரியும் என்பது கூடுதல் லாபம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நாலு கறுப்புக் கம்பியை மாட்டினேன். கம்பியை முறுக்கும் சாவிகளுக்குப் பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுச் சூட்டில் சுருக்கினேன். வால்யூம் திருகுகளைப் பிளாஸ்டிக்காக மாற்றினேன். கம்பி உட்காரும் பிரிட்ஜுக்கு ஃபைபர் ஷீட்டில் ஒரு மூடி வெட்டிப் போட்டேன். அவர் கை படும் இடத்தில் உலோகமே கிடையாது என்று ஆன பிறகுதான் அவரிடம் கொடுத்தேன்.

அவர் வாசித்த முதல் அரை மணி நேரம் கேட்கச் சகிக்கவில்லை. ட்யூனரை வைத்துப் பார்த்தேன். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"குடிகாரன் நடந்த மாதிரி இருக்குதுங்க்கா" என்றார் அவரே.

ஒன்றரை மாதம் வீட்டில் காலையும் மாலையும் பழகினார். விரல்கள் ஆறிக்கொண்டு வந்தன. ஒரு நாள் கடைக்கு வந்து, வைண்டிங் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசித்துக் காட்டினார். அந்தக் கம்பியில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு அவர் விரலை இழுத்துக்கொண்டு போனபோது, யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவது மாதிரி இருந்தது. மோட்டாருக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

5. இரைச்சல்

முதல் கச்சேரி ஒரு மாரியம்மன் பண்டிகையில். மறுநாள் காலை முனிராஜ் போன் பண்ணினார்.

"பேஸ்ல இரைச்சல் வருதுங்க்கா. வாசிக்காம நின்னா 'ங்ங்ங்'குன்னு கேட்டுக்கிட்டே இருக்குது. மைக்செட்காரரு என்னையத் திட்டறாருங்க. ராஜமாணிக்கண்ணனும் மொறைக்கிறாரு."

ராஜமாணிக்கம் என்பவர்தான் குழுவை நடத்துகிறவர். நல்லவர், ஆனால் பொறுமை கிடையாது.

காரணம் எனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. கிதாருக்குள்ளே ஒரு எர்த் வயர் பிரிட்ஜுக்குப் போகும். பிரிட்ஜிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து வாசிக்கிறவர் உடம்புக்கு. கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் அடங்கும். இங்கே நடுவில் நைலான் இருக்கிறது. அவர் தொட்டாலும் தொடாத மாதிரிதான்.

தெரிந்த பிறகு நான் செய்ததுதான் தப்பு. மோட்டார் கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். எனாமல் வயரைப் பற்றவைக்கும் முன் பிளேடால் கோட்டிங்கைச் சுரண்டுவோம். முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சுரண்டின கை. கிதாரை மேசையில் போட்டதும் அந்தக் கை தானாகப் பிளேடை எடுத்துவிட்டது. ஃபைபர் மூடிக்கு முன்னால், அவருடைய உள்ளங்கை ஓரம் படும் இடத்தில், நாலு கம்பியிலும் ஒரு இஞ்ச் நைலானைச் சுரண்டி எடுத்தேன்.

நிக்கல் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அடியில் இருக்கும் உலோகத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. ஒட்டினால் வெறும் இரும்பு, நிக்கல் இல்லை என்று முடிவு கட்டினேன். எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்போமே, நிக்கல் கலந்த நல்ல எவர்சில்வரில் ஒட்டாது என்று, அந்தப் படிப்பு. நிக்கலே காந்தத்தில் ஒட்டும், நிக்கல் பூசிய இரும்பு நன்றாகவே ஒட்டும் என்பது எனக்குத் தெரியாது. பெங்களூர் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்துவிட்டேன்.

ஆம்ப்ளிஃபையரில் மாட்டிப் பார்த்தோம். அவர் உள்ளங்கையை வைத்ததும் இரைச்சல் பட்டென்று நின்றது.

"அக்கான்னா அக்காதாங்க" என்றார் முனிராஜ். நான் பிளேடை மடக்கி வைத்துவிட்டு டீ சொன்னேன்.

நாலு நாள் கழித்துப் போன் பண்ணிக் கேட்டேன். "இரைச்சல் நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

6. மஞ்சுளா வந்தாள்

அடுத்த சந்தை நாளில் முனிராஜின் மனைவி மஞ்சுளா கடைக்கு வந்தாள். தோளில் கிதார்ப் பை. எல்லைப் பக்கம் கன்னடம் பேசும் குடும்பத்துப் பெண். கோபம் வந்தால் தமிழில் கன்னடம் கலந்துவிடும். பையை மேசைமேல் வைத்தாள்.

"இத வெச்சுக்கங்க்கா. எங்க வூட்ல இது பேடா, வேணாங்க."

"என்னாச்சு?"

"அவரு கையப் பாத்தா கேக்க மாட்டீங்க. முன்ன விரலு மட்டுந்தான். இப்ப உள்ளங்கையும் போச்சு. சோத்தப் பிசைய முடியலீங்க, நான் ஊட்டி வுடறேன். தக்காளி எடுக்கற சமயம். ஒரு கூடை தூக்க ஆவல. தக்காளித் தண்ணி வெடிப்புல பட்டா துடிச்சுப் போறாரு."

பையைத் திறந்து கம்பியைப் பார்த்தேன். ஒரு இஞ்ச் என்று நான் வெட்டிவிட்ட நைலான் டேப், வாசிக்க வாசிக்கப் பிரிந்துகொண்டே போய், விரல் மீட்டும் இடம் வரைக்கும் உரிந்திருந்தது. அறுத்த டேப் பிரியும் என்பது காயில் கட்டும் எனக்குத் தெரியாதா? யாரைவிடவும் நன்றாகத் தெரியும். உரிந்த இடத்தில் மருந்துக்கடைப் பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டி, அதோடேயே வாசித்திருக்கிறார் மனுஷர்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் போன் பண்ணனே" என்றேன்.

"நானும் அதையேதாங்க கேட்டேன். 'அக்கா இரைச்சல் நின்னுச்சான்னு கேட்டாங்க, நின்னுச்சுன்னு சொன்னேன், அவ்ளோ பாடுபட்டுச் செஞ்சு குடுத்தவங்ககிட்ட போயி எப்புடிக் கொறை சொல்றது'ங்கறாரு. உங்க மேல அவருக்கு அவ்ளோ மருவாதிங்க. அந்த மருவாதில கை போச்சு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

7. தக்காளித் தோட்டத்தில்

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினேன். தோட்டத்தில் ஆள்கள் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள். முனிராஜ் வேப்பமரத்தடியில் கையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வாங்க்கா. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனுங்க."

"வாயில என்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த? கை எரியுதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். தப்புப் பண்ணினவள் நான், அவரைத் திட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"முனிராஜு, தப்பு என்னுது. கோட்டிங்க நாந்தான் சுரண்டுனேன். அடியில நிக்கல் இல்லன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். யாரையும் கேக்கல."

"விடுங்க்கா. தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியாதுன்னு தெரிஞ்சே செஞ்சேன்."

அவர் மறைத்த கையை முன்னால் கொண்டுவந்து துணியைச் சரிசெய்தார். பிறகு, "ராஜமாணிக்கண்ணன் வேற ஏற்பாடு பண்ணிட்டாருங்க. கீபோர்டு வாசிக்கிறவரே இடது கையில பேஸும் வாசிச்சிடறாரு. ஒரு ஆளுக்கு வண்டில எடம் மிச்சம்ங்கறாரு" என்றார். சொல்லும்போது தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"கை ஆறட்டும். டாக்டரு சரின்னு சொல்ற வரைக்கும் நீ கிதாரத் தொடாத. ராஜமாணிக்கத்துகிட்ட நான் பேசறேன்" என்றேன். மஞ்சுளா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கச் சொல்லவில்லை, கொடுத்துவிட்டுப் போனாள்.

8. இரண்டாவது செட்

கை ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பெங்களூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மேடம், கம்பிய எர்த் பண்ண வேண்டாம். கிதார் வயித்துக்குள்ள பூராவும் காப்பர் ஃபாயில் ஒட்டி, அத எர்த் பண்ணுங்க. வெளி இரைச்சல் உள்ளயே வராது."

காப்பர் ஃபாயில் என் கடையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் வேலைக்குச் சுருள் சுருளாகக் கிடந்தது. அது என் தலைக்குமேலே ரேக்கில் இருந்தபோதுதான் அன்றைக்கு நான் பிளேடை எடுத்தேன். பிக்கப் உட்காரும் குழி, வயர் போகும் குழி எல்லாம் ஃபாயிலால் மூடி, ஓரம் ஓரமாகப் பற்றவைத்தேன். புது நைலான் செட்டை மாட்டினேன். டெஸ்ட் மீட்டரின் ஊசி முனையைக் கம்பி நெடுக நகர்த்தி, எங்காவது நைலானில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். உலோகம் பட்டால் பீப் அடிக்கும் அந்த மீட்டர் எங்கேயும் அடிக்கவில்லை. நட்டுப் பக்கத்தில் கம்பி மடிந்து ஏறும் இடத்தையும் விடாமல் பார்த்தேன்.

ராஜமாணிக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அவர் முதலில் பிடி கொடுக்கவில்லை.

"ஃப்ரெட் இல்லாத கிதாருங்க. மேடையில கண்ணு தெரியாத வெளிச்சத்துல எங்கனா வெரல வெச்சிட்டா பாட்டுக்காரரு மானம் போவுமில்லீங்க."

"உன் கீபோர்டுக்காரரு இடது கை தடவுறது மட்டும் ரொம்ப நல்லாருக்குதா?" என்றேன். அவர் ஒத்திகைக்கு ஒரு நாள் கூப்பிட்டார். ஒரு பாட்டு. பிடித்தால் எடுத்துக்கொள்வது, இல்லாவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மதியம் ஒத்திகை. சாப்பாட்டுக்கூடத்தில் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சுளாவும் வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். ஆம்ப்ளிஃபையரை ஆன் பண்ணினார்கள். இரைச்சல் இல்லை. அந்த அமைதியைக் கேட்டதும்தான் நான் மூச்சு விட்டேன்.

ராஜமாணிக்கம் விவரமானவர். பேஸ் மட்டும் தனியாக ஆரம்பிக்கிற ஒரு பாட்டைச் சொன்னார். ஒளிந்துகொள்ள டிரம்ஸ்கூடக் கிடையாது.

முனிராஜ் வாசித்தார். முதல் சுரமே கொஞ்சம் கீழே விழுந்தது. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் முனிராஜ் நிறுத்தவில்லை, விரலை எடுக்கவும் இல்லை. அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விரலை மெல்ல மேலே நகர்த்தி, சரியான இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். பிறகு இரண்டாவது, மூன்றாவது எல்லாம் நேராக அதனதன் இடத்தில் விழுந்தன. கீபோர்டுக்காரர் தன் இடது கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. ராஜமாணிக்கம் கன்னத்தைத் தேய்த்தார்.

"மொதல்ல ஒரு இழுவ இழுத்தியே, அது என்னா?"

"அது வந்துங்கண்ணா..."

"நல்லாருக்குதுப்பா. பண்டிகையிலயும் அப்புடியே இழு. சனிக்கெழம வண்டி அஞ்சு மணிக்கு."

வெளியே வந்த பிறகு முனிராஜிடம் கேட்டேன். "வேணும்னேதான் இழுத்தியா?"

"இல்லீங்க்கா. எடம் தப்பிப் போச்சு. காதுல கேட்டுச்சு, தேடிக்கிட்டே போயிச் சேந்துட்டேன். ஃப்ரெட் இருந்தா அப்புடிப் போவ வழியில்லீங்க" என்றார்.

அவர் இன்றைக்கும் அந்தக் குழுவில் வாசிக்கிறார். கம்பி அதற்கப்புறம் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது.

கம்பி தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். ஃப்ரெட்லெஸ்ஸுக்கு நைலான் டேப் நல்லது. வேர்க்கும் கை, ஃப்ரெட் உள்ள கிதார் என்றால் மெல்லிய கோட்டிங் போதும். கோட்டிங்கை எந்தக் காரணத்துக்காகவும் சுரண்டாதீர்கள். இதெல்லாம் இப்போது போனில் தேடினாலே கிடைக்கும்.

கிடைக்காதது ஒன்று உண்டு. முனிராஜுக்குப் பிறகு, கடையை மூடும் வரை, யாருக்குக் கம்பி மாட்டினாலும் ஒரு வாரம் கழித்து நானே போன் பண்ணிவிடுவேன். இரைச்சலைப் பற்றியோ, கம்பியைப் பற்றியோ கேட்க மாட்டேன். "கை எப்புடி இருக்குது?" என்று கேட்பேன். நல்லா இருக்குதுங்க என்பார்கள். உடனே விட்டுவிட மாட்டேன். "வூட்டுக்காரம்மாகிட்ட போனக் குடு" என்பேன்.